கயிறு கட்டிய ராணி

அத்தியாயம் 14

மிலா இந்த வாசலை மிதித்தால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கொடுத்தேன். நேற்று அவள் வந்து நின்றதும் ஐஸ் போட்டு, கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டுக் கொடுத்தேன். என் வீராப்பு அவ்வளவுதான்.

அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உன் கையால குடிச்சு எவ்வளவு நாளாச்சுக்கா" என்றாள். வாசலில் நின்ற கூட்டம் உருகிப்போனது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பக்கத்து வீட்டுக்காரி பின்னாலேயே வந்து, அழகிக்குத் தண்ணீர் கொடுத்த கை என்று என் கையைத் தொட்டுப் பார்த்தாள். எரிச்சலாக வந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிலா என்கிற மிலாக்ரோஸ் என் தங்கை. வயது இருபத்தைந்து. மார்ச் மாதம் எண்பத்திரண்டு நாட்டுப் பெண்களைத் தோற்கடித்து 'ஏழு கடல் அழகி' கிரீடத்தை வாங்கியவள். நான் ரோவெனா, வீட்டில் வெங். அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். ஊர் ஊராகப் போய்ப் பதினோரு அழகிப் போட்டிகளில் மேடையேறி ஒன்பதில் இரண்டாமிடம் வாங்கியவள். அம்மா ஹாங்காங்கில் யாரோ வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வருடங்களில் மிலாவைக் குளிப்பாட்டியது நான். ஹீல்ஸ் போட்டு நடக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

கிரீடத்துக்காக நான் பொறாமைப்படவில்லை. சரி, அது பொய். கிரீடத்துக்காகவும்தான் பொறாமைப்படுகிறேன். ஆனால் வயிறு எரிவது வேறொன்றுக்கு.

கடைசிச் சுற்றில் அவளிடம் கேட்ட கேள்வி, 'உன் வாழ்க்கையில் நீ செய்த துணிச்சலான காரியம் எது?' என்பது. பதில் சொல்ல முப்பது செகண்டு. மிலா சொன்னாள்: "எனக்கு ஆறு வயது. புயல். அப்பாவும் அவரோடு மூன்று பேரும் கடலில் மாட்டிக்கொண்டார்கள். நான் அம்மாவின் சிவப்புப் போர்வையை மூங்கிலில் கட்டி, அலைத்தடுப்புக் கல்மேல் ஏறி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஆட்டிக்கொண்டே நின்றேன். அந்தச் சிவப்பைப் பார்த்து அவர்கள் கரை சேர்ந்தார்கள்." நடுவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது.

அந்தப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எனக்கு அப்போது பதினொரு வயது. மிலா அன்றைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் உப்பிப்போய், மேட்டுப் பள்ளிக்கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஊரே அன்று பள்ளிக்கூடத்துக்குள் அடைந்து கிடந்தது. தெரிந்த ஒன்றிரண்டு பேருக்கும் இப்போது ஞாபகம் வர மறுக்கிறது. ஊருக்கே கிரீடம் கிடைத்த மாதிரி கொண்டாடும்போது யார் போய் நினைவுபடுத்திக்கொள்ளப் போகிறார்கள்?

எனக்கு மறக்க வழியில்லை. அந்தக் கல் கிழித்த தழும்பு என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால்வரை இறங்குகிறது. நீச்சலுடைச் சுற்றில் நடுவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். ஒன்பது தடவை எனக்கு ஏன் இரண்டாமிடம் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இன்றைக்கு மே மாதத்துக் கடைசி ஞாயிறு. எங்கள் ஊரில் ராணிகள் பவனி, பெண்கள் ராணி வேஷம் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்கு ஊர்வலமாகப் போகும் விழா.

பாசிங் சித்தி காலை ஏழு மணிக்கே கையில் பட்டியலோடு வந்து நின்றாள். இந்த வருட விழாத் தலைவி அவள்தான். எந்த ராணியாக யார் நடப்பது என்று முடிவு செய்கிறவளும் அவள்தான்.

"வெங், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

இப்படித் தொடங்கிய பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

"எலேனா ராணி மிலாதான்னு முடிவாயிடுச்சு. டிவிக்காரங்க வந்து இறங்கியிருக்காங்க. அவளை வீட்டுல உக்கார வச்சுட்டு வேற யாரையோ கடைசியில நடக்கவிட்டா ஊரே என்னைக் காறித் துப்பும்."

பவனியில் கடைசியாக வருகிறவள்தான் எலேனா ராணி. கிரீடம் அவளுக்கு. நாலு பேர் தூக்கிவரும் பூப்பந்தல் அவளுக்கு. மற்ற ராணிகள் எல்லாம் அவளுக்கு வழிவிடுகிறவர்கள்தான். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மட்டும் கிடைக்கிற இடம் அது. எனக்கு ஆகஸ்டில் கல்யாணம்.

"போன மே மாசம் இதே இடத்துல என் கையைப் பிடிச்சு, அடுத்த வருஷம் நீதான்னு சொன்னது யாரு சித்தி?"

"நான்தான். இல்லேன்னா சொல்றேன்? அப்ப இவ வெறும் மிலா."

"நான் இப்பவும் வெறும் வெங்தானே."

"உனக்கும் இடம் வச்சிருக்கேன்டி. அக்காவும் தங்கச்சியும் ஒரே பவனியில நடந்தா டிவியில எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு." பட்டியலில் விரலை ஓட்டினாள். "தண்டனை ராணி."

தண்டனை ராணிக்குக் கிரீடம் கிடையாது. செருப்பும் கிடையாது. கையைக் கயிற்றால் கட்டி, அட்டைக் கவசம் மாட்டிய இரண்டு ரோமானியச் சிப்பாய்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போவார்கள். அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்களின் ராணி. அதில் எனக்கிருந்த பொருத்தம் பாசிங் சித்திக்குப் புரிந்திருக்காது.

"மூஞ்சியைத் தூக்காதே. எலேனா ராணிக்கே துணைக்கு ஒரு ஆளுதான். உனக்குப் பாரு, ரெண்டு பேரு."

"பவனியில வர்ற தாடிக் கிழவர் மெத்தூசலா வேஷம் காலியா இருந்தா அதையே குடுங்களேன். தாடி மட்டும் ஒட்டிக்கறேன்."

சித்தி சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. அந்த நீலக் கவுன். இடுப்புல கொஞ்சம் பிடிச்சா மிலாவுக்குச் சரியாப் போயிடும். போட்டி நடத்தின கம்பெனி குடுத்த கவுனை எல்லாம் வெளி நிகழ்ச்சியில போடக் கூடாதாம் அவ."

பத்து மாதம் உட்கார்ந்து மணி மணியாக நான் கோத்த கவுன் அது. என் பியூட்டி பார்லரில் கடைசி வாடிக்கையாளர் போனபிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தைத்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துடும்மா" என்றார்.

நானும் குடுத்துத் தொலைத்தேன்.

பதினோரு மணிக்கு டிவிக்காரர்கள் மிலாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நிருபர் பெயர் ஜெம்மா. சுறுசுறுப்பான பெண், எதையும் இரண்டு தடவை கேட்கிறவள். அப்பாவும் போனார். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு தட்டில் பான்சித் நூடுல்ஸைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டபடியே பின்னால் நடந்தேன். கையில் தட்டு இருந்தால் வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி தெரியாது.

"நீங்க நின்ன இடத்தைக் காட்டுங்க" என்றாள் ஜெம்மா.

மிலா நேராகப் போய் சிமென்ட் அலைத்தடுப்பின்மேல் ஏறி நின்றாள். காற்றில் முடி பறந்தது. கேமராக்காரன் சொக்கிப்போனான். நான் நூடுல்ஸை மெல்வதை நிறுத்திவிட்டேன்.

அந்தத் தடுப்பு கட்டி எட்டு வருடம்தான் ஆகிறது. நான் நின்ற பழைய கல்வரிசை அதற்கு வடக்கே இருந்தது. இப்போது தண்ணீர் வற்றினால் நாலு கல் தலை காட்டும், அவ்வளவுதான். மிலாவுக்கு அது தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அவள் அங்கே நின்றதே இல்லையே.

"இங்கதானா ஐயா?" ஜெம்மா மைக்கை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா கடலைப் பார்த்தார். முதலில் வடக்கே பார்த்தார், பிறகு மிலாவைப் பார்த்தார்.

"ஆமாம்மா. இங்கதான். இவதான்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்கு எதிராக.

ஜெம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அக்கா? அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

வாயில் இருந்ததை விழுங்க இரண்டு நொடி ஆகியிருக்கும். அதற்குள் மிலா மேலிருந்தே சொல்லிவிட்டாள்: "அக்கா வீட்டுல முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தா. அவ ஜெபம்தான் எங்களைக் காப்பாத்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்து இரக்கமாகப் புன்னகை செய்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லைக் கொடுத்தேன், போர்வையைக் கொடுத்தேன், கவுனைக் கொடுத்தேன். என்னை அந்த இடத்திலிருந்தே தூக்கி வீட்டுக்குள் முட்டி போட வைத்துவிட்டாள். அந்த நிமிடம் அவளைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளத் தோன்றியது. மேலே நீலக் கவுன் இருந்திருந்தால்கூடத் தள்ளியிருப்பேன்.

"உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கோம்" என்றாள் ஜெம்மா மிலாவிடம். "அன்னைக்கு அந்தப் படகுல இருந்த நாண்டிங், இப்ப எதிர்த் தீவுல இருக்காரு. ஆள் அனுப்பியிருக்கோம். சாயங்காலம் கோயில் வாசல்ல வந்து நிப்பாரு. உங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணுமாம் அவருக்கு."

மிலா அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான்தான் பழக்கினேன், பயந்தால் பல் தெரியச் சிரி என்று. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

நாண்டிங் மாமா அந்த வருடமே ஊரைவிட்டுப் போனவர். என் பெயர்கூட அவருக்கு மறந்திருக்கும். ஆனால் படகு கரை தட்டியதும் கல்லிலிருந்து என்னைத் தோளில் தூக்கியவர் அவர்தான். தன் சட்டையைக் கழற்றி என் காலைச் சுற்றிக் கட்டியவரும் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சமையலறைக்குள் நுழைந்தார். வெளியே பன்றி சுட்டுக்கொண்டிருந்தார்கள், ஊரே முற்றத்தில் இருந்தது. அவர் கதவைச் சாத்தினார்.

"வெங்."

"என்ன."

"அவ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காளாம். சொன்னதுல ஒண்ணு பொய்னு தெரிஞ்சாலும் கிரீடத்தை வாங்கி ரெண்டாவது வந்தவளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"குடுக்கட்டுமே. ரெண்டாவது வந்தவளுக்கு ஒரு தடவையாவது கிடைக்கட்டும்."

"விளையாடாதம்மா."

"நான் விளையாடலப்பா. நீங்கதான் இன்னைக்கு மைக்கு முன்னாடி விளையாடிட்டு வந்தீங்க."

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவியிருந்த கையை மறுபடி கழுவினார். "நீ தாங்குவே. சின்ன வயசுலேர்ந்தே நீ கெட்டி. அவ தாங்கமாட்டா."

"நான் தாங்கறேன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

அவர் குழாயை மூடினார். கதவருகே போய் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாண்டிங் நிக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் பாத்துப் போ. கால் தெரியாம."

எந்தக் கால் அவரைக் கரை சேர்த்ததோ அந்தக் காலை மறைத்துக்கொண்டு நடக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் அழவில்லை. அழுதால் கண்மை கலையும், மறுபடி போட நேரமில்லை.

மூன்று மணிக்கு மிலாவை நிற்க வைத்துக் கவுனை இடுப்பில் பிடித்தேன். வாய் நிறைய குண்டூசி. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். எனக்காகத் தைத்தது அவளுக்குத்தான் பொருந்தியது. அந்த நீலத்தில் அவள் தோள் அப்படி இருந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

"கோவமாக்கா?"

"மூச்சை உள்ள இழு."

"அந்த முப்பது செகண்டுல எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. நாக்கு மேல போய் ஒட்டிக்கிச்சு. நீ சொல்லிக்குடுத்ததுதான் வந்துது. வார்த்தைக்கு வார்த்தை நீ சொல்லிக்குடுத்தது."

இதைப் பதின்மூன்று வாரமாக உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். அந்தப் பதிலை எழுதியது நான். பாத்திரம் கழுவும்போது நான் கேள்வி கேட்பேன், அவள் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வாள். எங்கள் பக்கத்தில் அழகிகளை இப்படித்தான் பழக்குவோம். வீட்டில் யாருக்கு நடந்திருந்தாலும் சரி, மேடையில் நிற்கிறவள் தனக்கு நடந்ததாகச் சொல்ல வேண்டும். அக்காவின் துணிச்சலுக்காக எந்த நடுவரும் தங்கைக்குக் கிரீடம் வைக்க மாட்டார். இது உன் கதையாச்சேக்கா என்று அவள் அப்போது கேட்டாள். பழகத்தானே, சொல்லு என்றேன். நூறு தடவையாவது சொல்ல வைத்திருப்பேன்.

ஊசியை வாயிலிருந்து எடுத்தேன். "மேடையில சொன்னது சரி. இன்னைக்கு நான் முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தேன்னு சொன்னியே, அதுவும் நான் சொல்லிக்குடுத்ததா?"

அவள் சிரிக்கவில்லை. "இல்ல. அது நானா சொன்னது."

"ஏன்டி?"

"நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்." கவுனின் மணிகளை விரலால் நெருடினாள். "அதுமட்டும் இல்லக்கா. சின்ன வயசுலேர்ந்து அப்பா அந்தப் புயல் கதையைச் சொல்றப்பல்லாம் உன்னைத்தான் பாப்பாரு. அந்தப் பார்வை எனக்கு ஒரு நாளும் கிடைச்சதில்ல. பொன்னுக்கு வீங்கி ஏன் வந்துதுன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன், உனக்குத் தெரியுமா? கிரீடத்தோட வந்தா என்னையும் அப்படிப் பாப்பாருன்னு நினைச்சேன். நேத்து வாசல்ல நின்னப்ப அவர் உன்னைத்தான் பாத்தாரு. நீ டம்ளரை எடுத்துட்டு உள்ள போறதையே பாத்துட்டிருந்தாரு."

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதுவும் எண்பத்திரண்டு நாட்டை ஜெயித்தவள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

தண்டனை ராணியின் வெள்ளை உடை போன வருடம் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்காகத் தைத்தது. எனக்கு அது முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. மிலா என் காலைப் பார்த்தாள். தன் மேக்கப் பெட்டியை எடுத்துவந்து, நீலக் கவுனோடு தரையில் மண்டியிட்டு, என் தழும்பின்மேல் க்ரீமைத் தடவத் தொடங்கினாள். ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு, மேலே பவுடர். பாசமா, தடயத்தை மறைக்கிற வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"தெரியவே இல்லக்கா" என்றாள் நிமிர்ந்து.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தன.

"எழுந்திரு, மணி உதிரும்" என்றேன். "நான் வாயைத் திறக்க மாட்டேன். போ."

ஐந்து மணிக்குப் பவனி புறப்பட்டது. சிப்பாய்களில் ஒருவன் பெயர் போயிங், மற்ற நாளில் டிரைசைக்கிள் வாடகை வண்டி ஓட்டுகிறவன். என் கையை முன்னால் சேர்த்துக் கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான்.

"பயப்படாதே வெங், இது பேருக்குத்தான். கட்டைவிரலை மடக்கி ஒரு இழு இழுத்தா கை வெளிய வந்துடும். மூக்கு அரிச்சா சொறிஞ்சுட்டு மறுபடி மாட்டிக்கலாம்."

"எல்லா வருஷமும் இதே முடிச்சுதானா?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து. மிலாவுக்கும் இதேதான் போட்டேன், அவ பதினாறு வயசுல நடந்தப்ப."

வெயில் இறங்கியும் தார் ரோடு காலைச் சுட்டது. பாண்டு வாசித்தார்கள். எனக்குப் பின்னால் ஐந்து ராணிகள், அதற்குப் பின்னால் பூப்பந்தலுக்குக் கீழே மிலா. வழி நெடுக ஜனம் என்னைத் தாண்டித்தான் பார்த்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "அதோ, அதோ" என்று காட்டினார்கள். ஒருத்தி என்னைக் கொஞ்சம் ஓரமாக நடக்கச் சொன்னாள், போட்டோவில் நான் மறைக்கிறேனாம். மிலாவின் பெயரை ஊரே கத்தியது. கயிற்றோடு நடந்த என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு குரல், அதுவும் பார்லர் நாளைக்குத் திறந்திருக்குமா என்று கேட்க.

சித்தி வீட்டு முக்கில் திரும்பும்போது காலில் ஏதோ வழிவது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். வியர்வையில் க்ரீம் கரைந்து கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கோடுகளுக்கு நடுவே தழும்பு வெளியே வந்துகொண்டிருந்தது.

கோயில் வாசலில் ஜெம்மாவும் கேமராவும் நின்றார்கள். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நாண்டிங் மாமா. வழுக்கை விழுந்து ஆள் பாதியாகிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் அப்பா. ராணிகள் ஒவ்வொருத்தியாக அவர்களைக் கடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்பா என் காலைப் பார்த்துவிட்டார். கண்ணால் ஜாடை காட்டினார், காலை மறைத்துக்கொள் என்று. கடற்காற்று உடையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கியது.

நாண்டிங் மாமா என் தோளுக்கு மேலாக எட்டி எட்டி மிலாவைத் தேடினார். நான் அவரைத் தாண்ட இரண்டே அடி இருந்தது. முன்னால் போன ராணியின் பாவாடை படியில் மாட்டிக்கொண்டு பவனி நின்றது. அவரும் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தார், என் வழியிலிருந்து தன் கைத்தடியை நகர்த்த.

அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் காலை நான் தூக்கிட்டுப் போயிருக்கேன்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜெம்மா எதையும் இரண்டு தடவை கேட்கிறவள். "என்ன சொன்னீங்க ஐயா?" என்றாள். அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து. கேமராவின் விளக்கு பின்னால் இருந்த பூப்பந்தலை விட்டுவிட்டு என் காலுக்கு வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பூக்களுக்குக் கீழே, நான் தைத்த நீலத்தில், மிலா நின்றுகொண்டிருந்தாள். அவள் என் முகத்தையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஜெம்மா மைக்கை என் வாயருகே கொண்டுவந்தாள்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். திறக்கவில்லை. கட்டைவிரலை மடக்கி ஒரு இழு இழுத்திருந்தால் போதும். கை வெளியே வந்திருக்கும், குனிந்து தழும்பை மறைத்திருக்கலாம். அது எனக்கும் தெரியும், மிலாவுக்கும் தெரியும்.

நான் கையை அசைக்கவில்லை.